யாங் சியான்யி – கிளாடிஸ் யாங்: இரு மொழிகளுக்கு நடுவே ஓர் இல்லறம்

யாங் சியான்யி (ஜனவரி 10, 1915 – நவம்பர் 23, 2009), கிளாடிஸ் யாங் (ஜனவரி 19, 1919 – நவம்பர் 18, 1999) ஆகிய இருவரும் சீன இலக்கியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தம்பதியர். யாங் சியான்யி சீனர், கிளாடிஸ் ஆங்கிலேயர். 1941-இல் போர்க்காலச் சீனாவில் மணந்துகொண்ட இவர்கள், கிளாடிஸ் இறக்கும் வரை 58 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர். சீனச் செவ்வியல் நாவல்கள், நாடகங்கள், லூ ஷுனின் சிறுகதைகள் ஆகியவற்றை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்ததில் இவர்களுக்கு முதன்மையான பங்கு உண்டு.

மொழி, பண்பாடு, நாடு ஆகிய மூன்று எல்லைகளைத் தாண்டி அமைந்த ஒரு குடும்பத்தின் வரலாறாகவும் இவர்களின் வாழ்க்கை கருதத்தக்கது. முதல் இரண்டு எல்லைகளையும் அவர்கள் உழைப்பால் கடந்தனர். மூன்றாவது எல்லை அவர்கள் கையில் இருக்கவில்லை.

இளமை

யாங் சியான்யி வட சீனாவின் துறைமுக நகரமான தியான்ஜினில் பிறந்தார். தந்தை சீன வங்கியின் தியான்ஜின் கிளைத் தலைவர். தாய் அவருடைய இரண்டாம் மனைவி. குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு என்பதால் யாங் மிகுந்த செல்லத்துடன் வளர்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியரிடம் சீனச் செவ்விலக்கியங்களை மனப்பாடமாகப் படித்தார். பிறகு லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய ஆங்கிலோ-சீனப் பள்ளியில் சேர்ந்து ஆங்கிலம் கற்றார்.

கிளாடிஸ் டெய்லர் பிறந்தது பெய்ஜிங்கில். அவருடைய தந்தை அதே லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியாகச் சீனாவுக்கு வந்தவர். பெய்ஜிங்கின் யென்ஜிங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தார். கிராமக் கூட்டுறவுத் தொழில்களில் ஆர்வம் கொண்டிருந்தார். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கிளாடிஸ், மிஷனரிகளின் மகள்களுக்கான பள்ளியில் படித்தார். சீனா அவருக்குக் குழந்தைப் பருவ நினைவாக மட்டுமே எஞ்சியது.

ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் முற்றிலும் அந்நியமான உலகங்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். சீனரான யாங் ஆங்கிலக் கல்வியின் நிழலில் வளர்ந்தார். ஆங்கிலேயரான கிளாடிஸ் சீன மண்ணில் பிறந்தார். எனினும் மிஷனரிப் பள்ளியில் படித்த சீன மாணவனும் மிஷனரியின் மகளும் சீனாவில் சமநிலையில் சந்தித்திருக்க வாய்ப்புக் குறைவு. அன்றைய தியான்ஜின் வெளிநாட்டு அரசுகளின் குடியிருப்புப் பகுதிகளாகக் கூறுபோடப்பட்ட நகரம். அங்கு பிரித்தானியர்கள் சீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அந்தச் சிறப்புரிமையைப் பிரித்தானியா 1943 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மூலமே கைவிட்டது.

ஆக்ஸ்போர்டு

யாங் 1934-இல் இங்கிலாந்து சென்றார். கிரேக்கமும் லத்தீனும் தனியாகக் கற்றுத் தேர்வெழுதி, 1936-இல் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் ஐரோப்பியச் செவ்வியல் படிப்பையும் பின்னர் ஆங்கில இலக்கியத்தையும் எடுத்துக்கொண்டார். கிளாடிஸ் 1937-இல் பிரெஞ்சு இலக்கியம் படிக்க ஆக்ஸ்போர்டு வந்தார்.

அங்கு மாணவர்கள் நடத்திய சீனச் சங்கத்தில் யாங் தலைவராகவும் கிளாடிஸ் செயலாளராகவும் இருந்தனர். 1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்திருந்தது. சீனாவுக்கு ஆதரவு திரட்டும் பணியில் ஏற்பட்ட பழக்கம் காதலாயிற்று. கிளாடிஸ் பிரெஞ்சை விட்டுச் சீனத்துக்கு மாறினார். ஆக்ஸ்போர்டில் சீன மொழியில் பட்டம் பெற்ற முதல் நபர் அவரே.

இந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் வெளிநாடு சென்று படித்த ஆசிய மாணவர் ஆங்கிலம் கற்பது இயல்பாகக் கருதப்பட்டது. ஆங்கிலேயப் பெண் ஒருவர் சீனத்தைச் செவ்வியல் நிலையில் கற்பது அரிது. யாங் ஹோமரையும் விர்ஜிலையும் படிக்க, கிளாடிஸ் சீன மூலநூல்களைப் படித்தார். இருவரும் மற்றவருடைய மரபுக்குள் மாணவராக நுழைந்தனர். சீனப் பெருங்கவிஞர் சூ யுவானின் 'லி சாவ்' நெடுங்கவிதையை ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் பாணியில் ஈரடிச் செய்யுளாக மொழிபெயர்த்தது அந்த ஆக்ஸ்போர்டு நாட்களில்தான். விளையாட்டாகத் தொடங்கிய அந்த முயற்சி பின்னாளில் நூலாகவும் வெளிவந்தது.

எதிர்ப்பும் அக்காலச் சட்டங்களும்

இத்திருமணத்தைக் கிளாடிஸின் தாய் கடுமையாக எதிர்த்தார். அவர் சீனாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர். கலப்புத் திருமணங்கள் துன்பத்தில் முடியும் என்றும், பிறக்கும் பிள்ளைகளே அதிகம் அல்லற்படுவார்கள் என்றும் எச்சரித்தார். மதம் பரப்பவும் கல்வி கொடுக்கவும் சீனர்களுடன் வாழத் தயாராக இருந்த மிஷனரிச் சமூகம், சீனரை மருமகனாக ஏற்கத் தயங்கியது.

இந்தத் தயக்கம் ஒரு குடும்பத்தின் மனநிலை மட்டுமன்று. சட்டங்களும் அதே நிலையில்தான் இருந்தன. 1914-ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணக்கும் பிரித்தானியப் பெண் தன் குடியுரிமையை இழந்தார். 1933-இல் வந்த திருத்தம், கணவருடைய நாட்டின் குடியுரிமை கிடைக்காத பெண்களை மட்டும் இதிலிருந்து காப்பாற்றியது. திருமணத்தால் குடியுரிமை பறிபோகாது என்ற நிலை 1949 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலும் இதே போக்கு இருந்தது. 1922-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் திருமணமான பெண்களுக்குத் தனிக் குடியுரிமை அளித்தது. ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என ஒதுக்கப்பட்டிருந்த சீனர் உள்ளிட்ட ஆசியரை மணந்த பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு 1931 வரை கிடைக்கவில்லை.

நடைமுறையில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கப்பல்களில் பணியாற்றிய சீன மாலுமிகள் பலர் லிவர்பூலில் ஆங்கிலேயப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினர். போர் முடிந்ததும் 1945–46-இல் பிரித்தானிய அரசு அவர்களில் பலரைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பியது. கணவர் எங்கே போனார் என்பது பல மனைவிகளுக்கும் குழந்தைகளுக்கும் தெரியாமலே போயிற்று. கிளாடிஸின் தாய் சொன்ன எச்சரிக்கையில் இத்தகைய உலகின் அனுபவம் கலந்திருந்தது. ஆனால் துன்பத்தின் ஊற்று அவர் நினைத்ததுபோல் கலப்பில் இருக்கவில்லை. கலப்பைச் சகித்துக்கொள்ளாத அரசுகளிடம் இருந்தது.

போர்க்காலத் திருமணம்

1940-இல் இருவரும் ஹாங்காங் வழியாகச் சீனாவுக்குப் பயணமாயினர். தியான்ஜின், பெய்ஜிங், நான்ஜிங் ஆகியவை ஜப்பானியர் வசம் இருந்தன. சீன அரசு உள்நாட்டு மலைநகரமான சோங்கிங்கைப் போர்க்காலத் தலைநகராக்கியிருந்தது. ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மீது தொடர்ந்து குண்டு வீசிக்கொண்டிருந்தன. அங்கு 1941 பிப்ரவரியில் இவர்களின் திருமணம் நடந்தது. யாங்கின் தங்கை யாங் மின்ருவின் திருமணமும் அதே நாளில் சேர்த்து நடத்தப்பட்டது.

அடுத்த ஆண்டுகளில் ஊர் ஊராக மாறி, கிடைத்த கல்லூரிகளில் கற்பித்தனர். விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஆசிரியர் சம்பளம் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத காலம் அது. 1942-இல் மகன் யாங் யே பிறந்தான். பின்னர் யாங் யிங், யாங் ஜி என்ற இரு மகள்கள் பிறந்தனர். இங்கிலாந்தின் வசதிகளை விட்டு வந்த கிளாடிஸ், சீன மக்கள் பட்ட அதே பஞ்சத்தையும் குண்டுவீச்சையும் அனுபவித்தார். சீனாவில் வாழ்ந்த வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் தங்களுக்கென அமைந்த குடியிருப்புகளில் வாழ்ந்த காலத்தில், அவர் கணவரின் மக்களுடனேயே வாழத் தலைப்பட்டார்.

1943-இல் சோங்கிங் அருகிலுள்ள பெய்பெய் என்ற ஊரில் இயங்கிய தேசியத் தொகுப்பு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எழுத்தாளர் லியாங் ஷிச்சியூ அங்கு மொழிபெயர்ப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். வெளிநாட்டு நூல்களைச் சீனமாக்கப் பலர் இருந்தனர். சீன நூல்களை ஆங்கிலமாக்க ஆள் இல்லை. அந்தப் பணி இவர்களிடம் வந்தது. சீமா குவாங் எழுதிய 'ஜிஜி தோங்ஜியான்' என்னும் 11-ஆம் நூற்றாண்டுப் பெருவரலாற்று நூலில் தொடங்கினர். அந்த மொழிபெயர்ப்பு அச்சேறவில்லை. ஆனால் அவர்களின் வாழ்நாள் தொழில் அங்கே உறுதியாயிற்று.

இரு பெயர்கள்

கிளாடிஸுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஆங்கில நூல்களில் அவர் கிளாடிஸ் யாங். சீன நூல்களில் தாய் நாய்தியே. ஆங்கிலேய வழக்கப்படி மனைவி கணவரின் குடும்பப் பெயரை ஏற்பார். ஆகவே ஆங்கிலத்தில் அவர் யாங் ஆனார். சீன வழக்கில் பெண் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வார். 'டெய்லர்' என்ற தந்தை வழிப் பெயரின் ஒலியை ஒட்டியே 'தாய்' என்ற சீனக் குடும்பப் பெயர் அமைந்தது. 'நாய்தியே' என்பது கிளாடிஸ் என்பதன் ஒலிச்சாயல்.

இதன் விளைவு விந்தையானது. அவருடைய ஆங்கிலப் பெயரில் சீனக் கணவரின் குடும்பப் பெயர் இருந்தது. அவருடைய சீனப் பெயரில் ஆங்கிலேயத் தந்தையின் குடும்பப் பெயர் இருந்தது. எந்த மொழியில் அழைத்தாலும் மற்ற நாட்டின் சுவடு அதில் தெரிந்தது.

இணைந்து மொழிபெயர்த்த முறை

1950-களின் தொடக்கத்தில் இருவரும் பெய்ஜிங்கின் அயல்மொழிப் பதிப்பகத்தில் சேர்ந்தனர். 1951-இல் தொடங்கப்பட்ட 'சைனீஸ் லிட்டரேச்சர்' என்ற ஆங்கில இதழுக்கும் தொடர்ந்து மொழிபெயர்த்தனர்.

அவர்களின் வேலைமுறை எளிமையானது. யாங் கையில் சீன மூலத்தை வைத்துக்கொண்டு, படித்தபடியே ஆங்கிலத்தில் வாய்மொழியாகச் சொல்வார். கிளாடிஸ் அதைத் தட்டச்சு செய்வார். பிறகு அந்த வரைவைக் கிளாடிஸ் திருத்திச் செம்மைப்படுத்துவார். மூலத்தின் பொருளுக்கு யாங் பொறுப்பு. ஆங்கிலத்தின் ஓசைக்கும் ஓட்டத்துக்கும் கிளாடிஸ் பொறுப்பு. இருவருக்கும் இரு மொழிகளும் தெரிந்திருந்ததால் ஒருவர் சொன்னதை மற்றவர் சரிபார்க்கவும் மறுக்கவும் முடிந்தது.

இம்முறையில் உருவான நூல்கள் பல. ஹோங் ஷெங்கின் 'நித்திய இளமை மாளிகை' நாடகம் 1955-இலும், வூ ஜிங்ஜியின் அங்கத நாவலான 'ரூலின் வைஷி' 1957-இலும் வெளிவந்தன. லூ ஷுனின் தேர்ந்தெடுத்த படைப்புகள் நான்கு தொகுதிகளாக 1956 முதல் 1960 வரை வந்தன. சீமா சியெனின் வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து ஒரு தொகுப்பையும் மொழிபெயர்த்தனர். யாங் தனியாக எதிர்த்திசையிலும் பணியாற்றினார். ஹோமரின் 'ஒடிசி', விர்ஜிலின் ஆயர் கவிதைகள், பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' முதலியவற்றைச் சீனத்தில் தந்தார்.

'ஹோங்லோ மெங்' – வேறுபாடுகள் சொல்லாகும் இடம்

சாவ் சுவேச்சின் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஹோங்லோ மெங்' (செம்மாளிகைக் கனவு) சீன நாவல்களில் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. 120 அத்தியாயங்கள் கொண்ட இந்நாவலின் யாங் தம்பதியர் மொழிபெயர்ப்பு 1978 முதல் 1980 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆக்ஸ்போர்டு அறிஞர் டேவிட் ஹாக்ஸ் இங்கிலாந்தில் தனியாக அதை மொழிபெயர்த்தார். அப்பதிப்பின் கடைசி இரு தொகுதிகளை ஜான் மின்போர்டு நிறைவு செய்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பண்பாட்டு வேறுபாட்டை எதிர்கொள்ளும் இரு வழிகள் தெரியும்.

சீனத்தில் சிவப்பு மங்கல நிறம். வசந்தம், இளமை, செல்வம் ஆகியவற்றைக் குறிக்கும். ஆங்கில வாசகரிடம் அந்த உணர்வு எழாது என்று கருதிய ஹாக்ஸ், நாவலின் தலைப்பில் சிவப்பைத் தவிர்த்தார். நாயகன் வசிக்கும் இல்லத்தின் பெயரில் இருந்த சிவப்பைப் பச்சையாக மாற்றினார். யாங் தம்பதியர் சிவப்பைச் சிவப்பாகவே விட்டனர்.

இன்னோர் எடுத்துக்காட்டு பழமொழி சார்ந்தது. ஆறாம் அத்தியாயத்தில் லியூ பாட்டி என்ற ஏழைக் கிழவி, முயற்சி மனிதனுடையது, முடிவு 'தியான்' கையில் என்ற பொருளில் பேசுகிறாள். தமிழில் 'நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்' என்பதற்கு நெருக்கமான கருத்து. 'தியான்' என்பதை ஹாக்ஸ் 'கடவுள்' என்று ஆக்கினார். யாங் தம்பதியர் 'வானம்' என்று வைத்தனர். கிழவி கிறித்தவர் அல்லள் என்பதை ஆங்கில வாசகர் மறக்கக் கூடாது என்பது இத்தேர்வின் பொருள்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் சிக்கலானவை. நாயகன் ஜியா பாவ்யூவுக்கு லின் தாய்யூ அத்தை மகள். சுவே பாவ்சாய் சித்தி மகள். ஆங்கிலத்தில் இருவருக்கும் 'கசின்' என்ற ஒரே சொல்தான். தமிழ் வாசகருக்கு வேறுபாடு உடனே புரியும். ஆனால் அவருக்கும் ஒரு திகைப்புக் காத்திருக்கிறது. தமிழ் முறைப்படி அத்தை மகள் முறைப்பெண். சித்தி மகளோ சகோதரி முறை. நாவலில் பாவ்யூவுக்கு மணம் முடிக்கப்படுவது சித்தி மகளுடன். சீன மரபில் தந்தையின் சகோதரர் பிள்ளைகள் ஒரு வகை. அத்தை, மாமன், தாயின் சகோதரி ஆகியோரின் பிள்ளைகள் இன்னொரு வகை. முதல் வகையினர் ஒரே குடும்பப் பெயர் உடையவர்கள் என்பதால் மணம் இல்லை. இரண்டாம் வகையில் மணம் முன்பு வழக்கில் இருந்தது. சொல் இருந்தாலும் அதன் பின்னுள்ள விதி வேறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இத்தகைய இடங்களை ஒவ்வொரு பக்கத்திலும் பேசித் தீர்ப்பதே அந்த வீட்டின் அன்றாட வேலையாக இருந்தது.

தம்பதியருக்குள் கருத்து வேறுபாடு

இவ்விஷயத்தில் இருவரும் ஒரே எண்ணம் கொண்டிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், அதிகம் படைப்பூக்கம் காட்டினால் அது மறுஎழுத்தாகிவிடும் என்பது யாங்கின் நிலை. தாங்கள் மூலத்தை அளவுக்கு மீறிச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவதாகவும், ஹாக்ஸ் போன்றவர்களின் சுதந்திரம் தங்களுக்கும் தேவை என்றும் கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். எந்த நூலை மொழிபெயர்ப்பது என்பதைக்கூடப் பதிப்பக நிர்வாகமே முடிவு செய்த காலம் அது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

நாற்பதாண்டுகள் ஒரே மேசையில் வேலை செய்தபின்னும் இந்த வேறுபாடு தீரவில்லை. அது பொதுவெளியில் சொல்லத்தக்கதாகவும் இருந்தது. கிளாடிஸ் பின்னாளில் தனியாகவும் பல நூல்களை மொழிபெயர்த்தார். ஷென் சோங்வெனின் 'எல்லை நகரம்', கூ ஹுவாவின் 'செம்பருத்தி என்றொரு சிற்றூர்' ஆகியவை அவற்றுள் சில. ஜாங் ஜியே உள்ளிட்ட சீனப் பெண் எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தியதில் அவருக்குத் தனி இடம் உண்டு.

சந்தேகமும் சிறையும்

1949-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, தைவானுக்கோ இங்கிலாந்துக்கோ செல்லாமல் இருவரும் புதிய சீனாவிலேயே தங்கினர். ஆனால் வெளிநாட்டில் படித்த கணவர், வெளிநாட்டு மனைவி, வீட்டுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நண்பர்கள் ஆகிய மூன்றும் அன்றைய சூழலில் சந்தேகத்துக்குப் போதுமானவை. 1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதும் அந்தச் சந்தேகம் குற்றச்சாட்டாக மாறியது.

1968 ஏப்ரலில் ஓர் இரவு இருவரும் உளவாளிகள் என்ற ஐயத்தில் கைது செய்யப்பட்டனர். முதலில் யாங், பின்னர் கிளாடிஸ். நான்கு ஆண்டுகள் சிறை. யாங் மற்றக் கைதிகளுடன் ஒரே அறையில் இருந்தார். கிளாடிஸ் தனியறையில் அடைக்கப்பட்டார். கணவரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அவருக்குத் தகவல் கிடைக்கவில்லை. 'ஹோங்லோ மெங்' மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. பிள்ளைகள் நகரத்திலிருந்து விலக்கப்பட்டுக் கிராமங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஒருவருக்கொருவர் உலகத்தை விளக்குவதே தொழிலாகக் கொண்ட இருவர், அந்தத் தகுதிக்காகவே சிறைப்பட்டனர். இரு பக்கமும் பேசத் தெரிந்தவர் எந்தப் பக்கத்தவர் என்ற கேள்வியை அரசுகள் நெருக்கடிக் காலத்தில் எழுப்புவது வழக்கம். 1972-இல் யாங் முதலிலும் கிளாடிஸ் சற்றுப் பின்னரும் விடுவிக்கப்பட்டனர். வழக்கோ தண்டனையோ இல்லை. வீடு திரும்பிய அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாவலை மொழிபெயர்க்கத் தொடங்கினர்.

மகன் யாங் யே

இக்குடும்பம் கொடுத்த மிகப் பெரிய விலை வேறு. பெற்றோர் கைதானபோது மகன் யாங் யேவுக்கு வயது 25. சீனப் பள்ளிகளில் படித்து, புரட்சியில் உண்மையான நம்பிக்கை கொண்டு வளர்ந்தவர். தோற்றத்தில் தாயின் சாயல் இருந்ததால் வெளிநாட்டவராகப் பார்க்கப்பட்டார். பெற்றோர் உளவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டபின் அவர் எங்கும் நம்பப்படவில்லை. தொலைதூரத் தொழிற்சாலை ஒன்றில் தனிமையில் வேலை செய்தபோது மனநிலை பாதிக்கப்பட்டது. தாம் சீனர் அல்லர், ஆங்கிலேயரே என்று நம்பத் தொடங்கினார். சீன மொழியில் பேசவும் மறுத்தார்.

பெற்றோர் விடுதலையானபின் அவர் இங்கிலாந்தில் தாயின் உறவினரிடம் அனுப்பப்பட்டார். அங்கும் அமைதி கிடைக்கவில்லை. 1979-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கிளாடிஸ் இந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை.

இத்துயரத்தைக் கலப்புத் திருமணத்தின் விளைவாகச் சிலர் காண்பதுண்டு. வரலாற்று நிகழ்வுகளின் வரிசை வேறொன்றைக் காட்டுகிறது. இரு பண்பாடுகள் வீட்டுக்குள் ஒன்றாக இருந்த காலத்தில் அவர் உடையவில்லை. அவற்றில் ஒன்றைக் குற்றமாக்கி, அந்தக் குற்றத்தை அவர் முகத்தில் கண்ட காலத்தில்தான் உடைந்தார். அவருடைய தங்கையர் இருவரும் அதே பெற்றோருக்குப் பிறந்து அதே காலத்தைக் கடந்து வாழ்ந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

1980-களில் யாங் சீன இலக்கியத்தை மலிவுப் பதிப்புகளாக ஆங்கிலத்தில் தரும் 'பாண்டா நூல்கள்' வரிசையை 1981-இல் தொடங்கினார். அவர்களின் பெய்ஜிங் வீடு சீன எழுத்தாளர்களும் வெளிநாட்டு மாணவர்களும் கூடும் இடமாயிற்று. மதுவும் பேச்சும் நகைச்சுவையும் அந்த வீட்டின் அடையாளங்களாக நினைவுகூரப்படுகின்றன.

1989 ஜூன் 4 அன்று தியானன்மென் சதுக்கப் போராட்டம் இராணுவத்தால் ஒடுக்கப்பட்டபோது, யாங் பிபிசிக்கு அளித்த பேட்டியில் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். தன்வரலாற்றை அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். அது முதலில் 1991-இல் இத்தாலிய மொழிபெயர்ப்பாக வந்தது. 'வெள்ளைப் புலி' என்ற தலைப்பில் ஆங்கில மூலம் 2002-இல் ஹாங்காங்கில் வெளிவந்தது.

1990-களில் கிளாடிஸின் நினைவாற்றல் குன்றியது. யாங் மொழிபெயர்ப்பை விட்டு அவரைக் கவனித்துக்கொண்டார். கிளாடிஸ் 1999-இல் பெய்ஜிங்கில் காலமானார். யாங் அவருக்காகச் செவ்வியல் சீன யாப்பில் ஓர் இரங்கற்பா எழுதினார். பால்வெளியால் பிரிக்கப்பட்ட இரு விண்மீன்கள் என்ற பழைய சீனக் காதல் கதையின் படிமம் அதில் வருகிறது. ஆங்கிலேய மனைவிக்கு இரங்கக் கணவர் தேர்ந்தது தம் மரபின் மிகப் பழைய வடிவம். அதைக் கிளாடிஸ் மொழிபெயர்ப்பு இன்றியே படித்திருக்க முடியும். 2009-இல் சீன மொழிபெயர்ப்பாளர் சங்கம் யாங்குக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

மதிப்பீடு

யாங் தம்பதியரின் வாழ்வு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது.

முதலாவது, மொழி கற்றல் இருபக்கமும் நிகழ்ந்தது. நாடு கடந்த பல திருமணங்களில் ஒருவரே மற்றவரின் மொழிக்கு மாற வேண்டியிருக்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார். இங்கு இருவரும் மற்றவரின் மொழியை வீட்டுப் பேச்சு அளவில் நிறுத்தாமல் அதன் செவ்விலக்கியம் வரை சென்று கற்றனர்.

இரண்டாவது, வேறுபாட்டை அழிக்காமல் அதனோடு வாழ முடிந்தது. சிவப்பைச் சிவப்பாக விடுவதா மாற்றுவதா என்ற கேள்வி அவர்களுக்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று. சேர்ந்து வாழும் முறை பற்றிய கேள்வியும்கூட. அதற்கு இருவரும் வேறு வேறு விடைகளைச் சொல்லியபடியே சேர்ந்து உழைத்தனர்.

மூன்றாவது, தனிமனிதர் இருவரின் அன்பும் அறிவும் எட்டும் தொலைவுக்கு வரம்பு உண்டு. குடியுரிமைச் சட்டம், போர், உளவுக் குற்றச்சாட்டு ஆகியவை வீட்டுக்கு வெளியே உருவாகி உள்ளே வந்தன. அவற்றை எதிர்த்து அவர்கள் செய்ய முடிந்தது ஒன்றே. ஒவ்வொரு முறையும் மேசைக்குத் திரும்பி, நிறுத்திய வரியிலிருந்து மீண்டும் தொடங்கினர். இன்று ஆங்கிலத்தில் சீனச் செவ்விலக்கியம் படிப்பவர் கையில் இருக்கும் நூல்களில் பல அந்த மேசையிலிருந்து வந்தவை.